எலியிடம் எப்படிக் கேட்பீர்கள்?

"எலிகிட்ட எப்படிக் கேப்பீங்க டாக்டர், வலிக்குதான்னு?"

ஆய்வுக்காகத் தாமாக முன்வந்திருந்த ஒரு பெரியவர் கேட்டது. சர்க்கரை நோயால் இரண்டு பாதமும் எரிகிறவர். சூடு உணரும் திறனைச் சோதிக்கும் கருவியை அவர் காலில் கட்டிக்கொண்டிருந்தேன். இதற்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள் என்று பேச்சுவாக்கில் விசாரித்தார். பதினோரு வருடம் எலிகளை வைத்து நரம்பு வலி ஆராய்ச்சி செய்தேன் என்றேன். உடனே இந்தக் கேள்வி. ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன்.

உண்மையான பதில், நாங்கள் கேட்கவே இல்லை என்பதுதான். பாதத்தைத் தூக்குகிறதா என்று பார்த்தோம், அவ்வளவுதான்.

நரம்பு வலிக்குள் நான் வந்ததே ஒரு தப்பால். பயிற்சி மருத்துவராக இருந்தபோது அக்கி வந்து ஆறிய ஒரு பாட்டி, நெஞ்சைச் சுற்றி எரிகிறது, ரவிக்கை பட்டால் உயிர் போகிறது என்று திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தார். கொப்புளம் எல்லாம் உதிர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. "புண் ஆறிடுச்சு பாட்டி, இனிமே ஒண்ணும் இல்லை" என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு முறை அப்படி அனுப்பியிருக்கிறேன். புண் ஆறினாலும், அக்கியை உண்டாக்கும் வைரஸ் ஒளிந்திருந்த நரம்பு சேதமாகிவிட்டால் வலி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தங்கிவிடும் என்பது புத்தகத்தில் இருந்தது. நான் அந்தப் பக்கத்தைப் பரீட்சைக்குப் படித்திருந்தேன், அந்தப் பாட்டிக்காகப் படிக்கவில்லை. பிறகு அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தபோது அவர் வருவதை நிறுத்தியிருந்தார்.

1993இல் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். அப்போது நரம்பு வலியை விலங்குகளில் உண்டாக்கி ஆராய நல்ல முறை ஒன்று வந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. 1988இல் பென்னட், ஷியே என்ற இருவர் வெளியிட்டது அது. எலியை மயக்கி, தொடையில் சயாட்டிக் என்ற பெரிய நரம்பைத் திறந்து, தானாகக் கரையும் தையல் நூலால் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு தளர்வான முடிச்சுகள் போட வேண்டும். அந்தத் "தளர்வான" என்ற சொல்லில்தான் என் முதல் வருடம் முழுக்கப் போனது. முடிச்சு இறுகினால் நரம்பு செத்துப்போகும், தளர்ந்தால் ஒன்றுமே நடக்காது. நரம்பின் மேல் ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்களில் ஓட்டம் குறைய வேண்டும், ஆனால் நிற்கக் கூடாது. என் வழிகாட்டி நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு, "ஓடுதா? மெதுவா ஓடுதா? சரி, விடு" என்பார். எனக்கு அவருடைய கைப்பக்குவம் கடைசிவரை வரவில்லை. ஒரு பரிசோதனையில் எல்லா எலிகளுக்கும் ஒரே ஆள்தான் முடிச்சுப் போட வேண்டும் என்பது எங்களிடம் எழுதாத சட்டம்.

ஒரு உயிருக்கு வேண்டுமென்றே வலியை உண்டாக்குகிற வேலை இது. நெறிமுறைக் குழு உண்டு, எத்தனை விலங்கு, எத்தனை நாள், எப்போது நிறுத்த வேண்டும் என்று கணக்கு உண்டு. எல்லாம் இருந்தும், அறுவை முடிந்த மூன்றாம் நாள் எலி அந்தக் காலை ஊன்றாமல், விரல்களைக் குவித்து வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கு ஒருநாளும் பழகவில்லை. பழகிவிட்டது என்று சொல்கிறவர்களோடு நான் அதிகம் பேசுவதில்லை.

இனி, அந்தப் பாதம் தூக்கும் சமாச்சாரம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மாக்ஸ் ஃபான் ஃபிரே என்ற உடலியல் ஆய்வாளர் குச்சி நுனியில் மயிரை ஒட்டி, மனிதத் தோலில் அழுத்திப் பார்த்தார். மயிர் வளையும்வரை அழுத்தினால், அது கொடுக்கும் விசை ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். மிக எளிமையான, மிக அழகான யோசனை. நூறு வருடம் கழித்து நாங்கள் செய்ததும் அதேதான், மயிருக்குப் பதில் நைலான் இழை. எலியைக் கம்பி வலைமேல் விட்டு, அரை மணி நேரம் அடங்கவிட்டு, அடியிலிருந்து இழையைப் பாதத்தில் அழுத்த வேண்டும். 1994இல் வந்த ஒரு கட்டுரையின்படி 0.41 கிராமிலிருந்து 15.1 கிராம்வரை எட்டு இழைகள். 2 கிராமில் ஆரம்பிக்க வேண்டும். தூக்கினால் அடுத்த மெல்லிய இழை, தூக்காவிட்டால் அடுத்த தடித்த இழை. நலமாக இருக்கும் எலிக்கு 15 கிராமெல்லாம் தூசு. முடிச்சுப் போட்ட எலியோ 4 கிராமுக்குக் கீழேயே வெடுக்கென்று காலை இழுத்து நக்கிக்கொள்ளும்.

கேட்க எளிது. ஆனால் நைலான் ஈரக்காற்றை உறிஞ்சி நெகிழ்ந்துவிடும், மழைநாளில் 4 கிராம் இழை 4 கிராமாக இருக்காது. வாரம் ஒருமுறை எல்லா இழைகளையும் தராசில் அழுத்திச் சரிபார்ப்பேன். எலி தூங்கினால் தூக்காது, நடந்தால் தூக்கும், தன்னைத் தானே நக்கிக்கொண்டிருந்தால் நீங்கள் இருப்பதையே மதிக்காது. கழுத்தை ஒடித்து மேலே பார்த்தபடி நாள் முழுக்க உட்கார்ந்து எனக்குக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். அது சாதாரணத் தசை வலி. ஆராய்ச்சிக்கு லாயக்கில்லை.

எங்கள் கூடத்தில் ஒரு சண்டை இருந்தது. நானும் இன்னொரு மாணவரும் மாறி மாறி அளப்போம். அவர் அளக்கும் நாளில் விலங்குகளுக்கு வலி குறைவாக இருக்கும், நான் அளக்கும் நாளில் கூடும். நீ இழையைச் சரியாக வளைக்கவில்லை என்று நான், நீ அவசரப்படுகிறாய் என்று அவர். இரண்டு வருடம் இப்படிப் போனது. கடைசியில் வழிகாட்டி அவரை அளவிடும் வேலையிலிருந்தே எடுத்துவிட்டார், அவரும் கசப்போடுதான் போனார். 2014இல் மான்ட்ரியாலில் ஜெஃப்ரி மோகிலின் ஆய்வுக்குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. ஆண்கள் அறையில் இருந்தாலே, ஏன், ஆண்கள் போட்டுக் கழற்றிய சட்டை இருந்தாலே, எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் மன அழுத்தம் கூடி, அதனால் வலியைக் காட்டுவது குறைகிறதாம். பெண்களின் வாசனைக்கு அப்படி ஆவதில்லை. அவர் ஆண், நான் பெண். எங்கள் சண்டைக்கு இதுதான் காரணம் என்று இப்போது நிரூபிக்க வழியில்லை. இருந்தாலும் அந்தக் கட்டுரையை இணைத்து அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். "இருபது வருஷம் லேட்" என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அந்தக் காலத்தில் எல்லோரும் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற பொருளின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தோம். 1931இல் கண்டுபிடிக்கப்பட்டது. 'பி' என்றால் ஆங்கிலத்தில் வலி என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன், உண்மையில் அது பொடியைக் குறிக்கும் 'பி'. வலியுணரும் நரம்புகள் தண்டுவடத்தில் இதைக் கொட்டுகின்றன. அங்கே இது போய் ஒட்டும் ஏற்பியை அடைத்துவிட்டால் வலி நிற்க வேண்டுமல்லவா? விலங்குகளில் நின்றது. வரைபடங்கள் கண்ணைப் பறித்தன. என் ஆய்வேட்டில் இரண்டு அத்தியாயம் அதுதான். மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சோதனையில் இல்லை, அடுத்ததிலும் இல்லை. 2000 வாக்கில் துறையே கைகழுவிவிட்டது. அதே வகை மருந்து ஒன்று 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, புற்றுநோய் மருந்தால் வரும் வாந்தியைத் தடுக்க. நல்ல மருந்து, எத்தனையோ பேருக்கு உதவுகிறது. எனக்கு மட்டும் அந்தப் பெயரைப் பார்த்தால் என் இரண்டு அத்தியாயம் நினைவுக்கு வரும்.

ஏன் தோற்றது என்பதற்கு அப்போது ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். மருந்தின் அளவு போதவில்லை, எலியின் ஏற்பி வேறு மனிதனின் ஏற்பி வேறு, இப்படி. எனக்கு எந்த விளக்கமும் ஒட்டவில்லை. 2004இல் எலிகளை விட்டு மனிதர்களிடம் வந்தேன். முன்னேற்றம் என்று அதைச் சிலர் வாழ்த்தினார்கள். ஓடி வந்தேன் என்பதுதான் சரி.

மனிதர்களிடம் செய்த சோதனை இப்படி. காலில் கட்டிய தகடு 32 டிகிரியில் தொடங்கி, நொடிக்கு ஒரு டிகிரி சூடேறும். வலிக்க ஆரம்பிக்கும் கணத்தில் பொத்தானை அமுக்க வேண்டும். 50 டிகிரியில் கருவி தானாக நின்றுவிடும். குளிருக்கும் அப்படியே. பிறகு தூரிகை, பஞ்சு, ஊசிமுனை. பெரிய நரம்பிழைகள் தொடுகையை நொடிக்கு ஐம்பது மீட்டர் வேகத்தில் எல்லாம் கொண்டுபோகும். எரிச்சலைச் சுமக்கிற மெல்லிய இழைகள் நொடிக்கு ஒரு மீட்டர்தான், நாம் நடக்கிற வேகம். நரம்பு கெட்டுப்போனவர்களில் சிலர் குளிர்ந்த தகட்டை வைத்தால் "சுடுது, எடுங்க" என்பார்கள். முதல்முறை கேட்டபோது கருவி பழுதாகிவிட்டது என்று நினைத்து என் கையில் வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

அந்தப் பெரியவருக்கும் எல்லாச் சோதனையும் முடிந்தது. தூரிகையால் தடவினேன், பஞ்சால் ஒற்றினேன், ஒவ்வொன்றுக்கும் வலி எவ்வளவு என்று 0 முதல் 100 வரை எண் கேட்டேன். பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில், "தொட்டா வலிக்குதான்னே கேக்கறீங்களே. தொடாமலே வலிக்குதே, அதைக் கேக்க மாட்டீங்களா?" என்றார். ராத்திரி போர்வை படாமல் இருக்கக் கால்மாட்டில் ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, அதற்குள் பாதத்தை வைத்துக்கொள்கிறாராம். பெட்டிக்குள்ளும் எரியத்தான் செய்கிறது. எதுவும் படாமல், தானாக.

பதினோரு வருடம் நான் அளந்தது தொட்டால் வரும் வலியை. அது உண்மையான வலிதான், போர்வை படுவது அந்த வலிதான். ஆனால் மனிதர்கள் மருத்துவரிடம் வருவது பெரும்பாலும் தொடாமலே வரும் வலிக்கு. சேதமான நரம்பு யாரும் தூண்டாமலே தானாகச் சைகை அனுப்புகிறது, அதைக் கேட்டுக் கேட்டுத் தண்டுவடமும் பழகி, சின்னச் சத்தத்தைக்கூடப் பெரிதாக்குகிறது. இந்த இரண்டாவது பாதியை கிளிஃபர்ட் உல்ஃப் 1983லேயே காட்டிவிட்டார். எல்லாம் தெரிந்திருந்தும், இழையால் அளக்க முடிந்ததை மட்டும் அளந்தோம், அதைக் குறைத்த மருந்தை வலிமருந்து என்று நம்பினோம். சப்ஸ்டன்ஸ் பி தோற்றதற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த அட்டைப்பெட்டிதான் மனதில்.

பெரியவரின் முதல் கேள்விக்கு நல்ல பதில் 2009இல் வந்தது, என்னிடமிருந்து அல்ல. ஃபிராங்க் பொரெக்காவின் குழு, நரம்பு சேதமான எலிகளுக்கு ஓர் அறையில் வலியைத் தணிக்கும் மருந்தைத் தண்டுவடத்தில் கொடுத்தது, மற்ற அறையில் சும்மா உப்புநீர். பிறகு எந்த மருந்தும் இல்லாமல் எலியைத் திறந்துவிட்டார்கள். அது வலி தணிந்த அறையைத் தேடிப் போய் உட்கார்ந்தது. நரம்பு நன்றாக இருந்த எலிகளுக்கு அந்த ஆசை இல்லை. யாரும் தொடாதபோதும் அதற்கு வலித்துக்கொண்டிருந்தது என்பதை எலியே சொல்லிவிட்டது. அடுத்த வருடம் சுண்டெலியின் முகச்சுளிப்பை வைத்து வலியை எடைபோடும் முறை ஒன்றும் வந்தது. அதில் வேடிக்கை, நரம்பு சேதமான சுண்டெலிகள் முகம் சுளிக்கவில்லை. நாள்பட்ட வலியோடு வாழ்கிறவர்கள் எப்போதும் முகம் சுளித்துக்கொண்டா இருக்கிறார்கள்? பெரியவரிடம் இதையெல்லாம் சொல்ல ஆசைப்பட்டேன். அவர் தொடர்பில் இல்லை.

சரி, மனிதர்களிடம்தான் வாய்விட்டுக் கேட்கலாமே என்றால் அதுவும் லேசில்லை. 1975இல் ரொனால்ட் மெல்ஸாக் 78 ஆங்கிலச் சொற்களைக் கொண்டு ஒரு வலிக் கேள்வித்தாள் செய்தார். இப்போது நரம்பு வலியைப் பிரித்தறியக் குட்டிக் கேள்வித்தாள்கள் பல உண்டு. எரிகிறதா, மின்சாரம் பாய்கிற மாதிரி இருக்கிறதா, ஊசி குத்துகிறதா, மரத்திருக்கிறதா, அரிக்கிறதா என்று கேட்பார்கள். தமிழில் கேட்டால் பட்டியலுக்குள் அடங்குவதில்லை. குடையுது, கடுக்குது, விண்விண்ணுங்குது, சுரீர்னு இழுக்குது, எறும்பு ஊருது, மதமதன்னு இருக்குது, பஞ்சுமேல நடக்கிற மாதிரி இருக்குது. குடைச்சலுக்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது? ஆங்கிலத்தில் இரண்டு தனிச் சொற்களுக்குத் தமிழில் ஒரே "சுருக்சுருக்" பதிலாக வரும், தமிழில் நான்காகப் பிரிவது அங்கே ஒன்றாகிவிடும். நான் ஓரத்தில் பென்சிலால் அவர்கள் சொன்ன சொல்லையே எழுதி வைப்பேன். ஆய்வுக்கட்டுரையில் அந்த ஓரங்களுக்கு இடமில்லை.

அதிகம் கேட்ட வாக்கியம், "மரத்தும் போச்சு, வலிக்கவும் செய்யுது, அது எப்படி டாக்டர்?" வெளியிலிருந்து செய்தி வரும் கம்பி அறுந்துவிட்டது, ஆனால் அறுந்த நுனி தானாகப் பேசிக்கொண்டிருக்கிறது என்பேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்த வீரர்கள் இல்லாத கையில் வலி என்றபோது, வெயர் மிட்செல் என்ற மருத்துவர் அதை நம்பி எழுதி வைத்தார். 150 வருடத்துக்கு மேல் ஆகிறது. நோயாளி சொல்வதை முதலில் நம்புவது என்ற அந்த ஒரு காரியத்தை நான் பாட்டியிடம் செய்யவில்லை.

மருந்துகள் விஷயத்தில் பெருமைப்பட அதிகமில்லை. மனச்சோர்வுக்கு வந்த பழைய மருந்துகளை 3.6 பேருக்குக் கொடுத்தால், வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாக ஒருவருக்கு வலி பாதியாகக் குறையும், ப்ரீகாபலின் என்ற மருந்தை என்றால் 7.7 பேருக்குக் கொடுக்க வேண்டும் என்று 2015இல் பல சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். அதன் அண்ணன் காபாபென்டின், காபா என்ற மூளை வேதிப்பொருளைப் போல வேலை செய்யட்டும் என்று வடிவமைத்தது. அந்த வேலையைச் செய்யவில்லை, நரம்பணுவுக்குள் கால்சியத்தை விடும் வாயில் ஒன்றின் துணைப்பகுதியில் போய் ஒட்டிக்கொண்டு வலியைக் குறைத்தது. நாங்கள் குறிவைத்து அடித்ததைவிடத் தவறி விழுந்தவையே அதிகம்.

குறிவைத்த கதையும் உண்டு. வட பாகிஸ்தானில் தெருவில் வித்தை காட்டிய ஒரு சிறுவன், கையில் கத்தியைச் செருகிக்கொள்வான், தணல்மேல் நடப்பான், வலியே தெரியாது. 14ஆவது பிறந்தநாளுக்கு முன் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவன் உறவினர்களிடமிருந்து நேவ் 1.7 என்ற சோடியம் வாயிலின் மரபணுப் பிழையை 2006இல் கண்டுபிடித்தார்கள். அதை அடைக்கும் மருந்துக்கு எவ்வளவோ பேர் முயன்று இதுவரை கரையேறவில்லை. அதன் உறவான நேவ் 1.8ஐ அடைக்கும் சுசெட்ரிஜின் என்ற மருந்து 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஆனால் அறுவைக்குப் பின் வருவது போன்ற திடீர் வலிக்குத்தான்.

கடைசியாக ஒருவரைப் பற்றி. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். பாதம் எரிகிறது என்று நான்கு வருடம் அலைந்தவர். சர்க்கரை இல்லை, நரம்பில் மின்சாரம் பாய்ச்சிப் பார்க்கும் சோதனை நார்மல். அந்தச் சோதனை பெரிய இழைகளை மட்டும்தான் பார்க்கும், மெல்லிய இழைகள் அதற்குத் தெரியாது. மனசுதான் காரணம் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள், வீட்டிலும் அதையே சொன்னார்களாம். கணுக்காலுக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே மூன்று மில்லிமீட்டர் தோலை வட்டமாக எடுத்து, சாயமேற்றி, மேல்தோலுக்குள் ஏறும் நரம்பிழைகளை எண்ணினேன். நல்ல தோலில் அவை கீழிருந்து முளைத்தெழுகிற புல் மாதிரி தெரியும். அவர் தோலில் ஒரு சீவல் முழுக்கத் தேடி இரண்டோ மூன்றோ இழைதான்.

திரையில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "இதுல ஒரு காப்பி கிடைக்குமா மேடம்?" என்றார்.

நான் வழக்கமான எச்சரிக்கையை ஆரம்பித்தேன். இழை குறைந்திருப்பதால் வலி எவ்வளவு என்று சொல்ல முடியாது, இதைவிடக் குறைவாக இருந்தும் வலியே இல்லாதவர்கள் இருக்கிறார்கள், அதனால் இதை வலியின் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது…

"அது உங்களுக்கு மேடம். எனக்கு வீட்ல காட்டணும்."

இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன். ஒன்று கசங்கிவிட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று.